முழங்கை உயரம்

புது வீட்டுச் சமையலறையில் முதல் வெங்காயத்தை நறுக்கி முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வெங்காயத்துக்காக வந்த கண்ணீரோடு சேர்த்து இடுப்புக்காகவும் கொஞ்சம் விட்டுவிட்டு, கத்தியைக் கீழே வைத்து நிமிர்ந்து, ஒரு எட்டு தள்ளி நின்று மேடையைப் பார்த்தாள். கறுப்புக் கிரானைட், முகம் தெரிகிற மினுமினுப்பு, ஓரமெல்லாம் வழவழவென்று உருட்டிவிட்ட வேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. மேடை தாழ்ந்திருந்தது. ஏதோ விரற்கடை அளவு என்றால் போகிறது என்று விட்டுவிடலாம். உள்ளங்கைகளைக் கல்லில் ஊன்ற வேண்டுமானால் அவள் பாதி உடம்பை மடிக்க வேண்டியிருந்தது.

அவள் பிசியோதெரபிஸ்ட். ஒரு ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், முதுகு வலி, கழுத்து வலி என்று வருகிறவர்களை நிமிர்த்தி அனுப்புவதுதான் அவள் பிழைப்பு. மேடை தாழ்வாக இருந்தால் முதுகெலும்பில் எந்த இடம் முதலில் தேயும், அடுத்து எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்படிப்பட்டவள் வீட்டில் இப்படி ஒரு மேடை. ஊரில் யாருக்காவது நடந்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஹாலில் கணவன் நாற்காலி மேல் ஏறி, திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, மேடை ஏன் இவ்வளவு கீழ இருக்கு?"

"எவ்வளவு கீழ?"

"தரையிலயே உட்கார்ந்து நறுக்கிடலாம், அவ்வளவு கீழ. அந்தக் கிச்சன்காரர் என் கையை மடக்கச் சொல்லி அளவு எடுத்துட்டுப் போனாரே?"

"எடுத்தாரு. அப்புறம் அக்காதான் சொன்னா, எதுக்குப் புதுசா ஒரு அளவு, அம்மா மேடை அளவே வச்சிடலாம்னு. பழைய வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி நானே போய் டேப் வச்சு எடுத்துட்டு வந்தேன்." அவன் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எத்தனை வருஷம் ஆகி வந்த மேடை. உனக்கும் பழகிடும்."

இந்த வீட்டுக்கு யோசனை சொல்லாதவர்கள் யாரும் இல்லை. பிளான் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கணவன் போகாத இடம் இல்லை. ஆபீஸ் மேனேஜரிடம் காட்டினான், முடி வெட்டுகிறவரிடம் காட்டினான், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு டாக்டரிடம் காட்டினான். எல்லோரும் ஆளுக்கொரு கோடு போட்டார்கள். இன்ஜினியர் பாவம், அழித்து அழித்து வரைந்தார். அவள் கேட்டது மூன்றே விஷயம். தன் உயரத்துக்கு ஒரு மேடை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், கால் கடுத்தால் உட்கார ஒரு முக்காலி போட இடம்.

"தெருவைப் பார்த்து ஜன்னல் வச்சா சமையல் எங்க நடக்கும், வேடிக்கைதான் நடக்கும்" என்றாள் நாத்தனார் போனில். ஜன்னல் பின்பக்கச் சந்துக்குப் போயிற்று. அங்கே கழிவுக் குழாய்களைத் தவிர வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை. முக்காலி இடத்தில் ஃபிரிட்ஜ் வந்து உட்கார்ந்தது. அது மேனேஜர் சொன்ன யோசனை. ஊரில் இருக்கிற வாயெல்லாம் சேர்ந்து கட்டிய சமையலறையில் அவளுடைய வாய்க்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. மேடையாவது மிஞ்சியது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிச்சன்காரர் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. நிமிர்ந்து நில்லுங்க மேடம், தோளைத் தளர்த்துங்க, கையை மடக்குங்க என்று சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடித்து, அரைச் சாண் கழித்து, அந்த உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். நெட்டை நெட்டை என்றே கூப்பிட்டுப் பழகிய குடும்பம் இது. கல்யாண போட்டோவில்கூட மாப்பிள்ளைக்குச் சமமாகத் தெரியட்டும் என்று முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் ஒரு மனிதர் அவளை நிமிரச் சொன்னார். அந்தப் பென்சில் கோட்டின் மேல் இப்போது வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள்.

குடியேறிய கொஞ்ச நாளில், மேடையைவிடச் சின்ன விஷயம் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. மேல் அலமாரியில் அவள் கைக்கு வாகாக அடுக்கி வைத்த டப்பாக்கள் எல்லாம் கீழே வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் சர்க்கரை டப்பா மேடைக்கு அடியில், இழுப்பறையில் இருந்தது. மறுநாள் டீத்தூள். அடுத்து எண்ணெய்ப் பாட்டில்கள் மொத்தமும். மகளைக் கேட்டாள். "நான் எதுக்கும்மா எடுக்கப் போறேன்?" என்றாள் பாப்பா. ஐந்தாம் வகுப்பு. அம்மாவைக் கொண்டு பிறந்தவள், வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கிற உயரம். அந்த மேடைக்கு அவளே குனிய வேண்டியிருந்தது. கணவனைக் கேட்கவே தேவையில்லை, அவன் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வருகிற ஆள் இல்லை. மாமனார் ஹாலை ஒட்டிய அறையில் காதோரம் ரேடியோவை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவர். ஞாபக மறதி என்று தன்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி மேலே ஏற்றினாள்.

பிறகு டைல்ஸைப் பார்த்தாள். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் தெறித்துத் தெறித்து மஞ்சள் படிந்திருந்தது. ஆனால் ஒரு உயரம் வரைக்கும் படியவில்லை. அதற்குக் கீழே யாரோ அழுத்தித் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள், மேலே பிசுக்கு அப்படியே இருந்தது. நடுவில் ஒரு கோடு, வளைந்து வளைந்து, கை எட்டிய இடத்தில் ஏறி, எட்டாத இடத்தில் இறங்கி. அவள் இந்த வீட்டில் இதுவரை டைல்ஸ் துடைக்கவே இல்லை. குனிந்து, தன் கையை அந்தக் கோட்டுக்கு வைத்துப் பார்த்தாள். மேடைக்கு முன்னால் நின்று அந்த இடம் வரைக்கும்தான் எட்டும் என்றால் அந்த ஆள் எவ்வளவு உயரம் இருக்க முடியும் என்று தொழில் புத்தி தானாகவே கணக்குப் போட்டது. குழந்தை என்று சொல்ல முடியாது, துடைத்திருந்த அழுத்தத்தில் பெரிய ஆளின் பலம் இருந்தது. நிமிரவே முடியாத அளவுக்கு இடுப்பிலேயே மடிந்த ஒருத்தி. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கிச்சன்காரரை வரவழைத்தாள். நல்ல வெயில் நேரம், அக்கம்பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, பயம் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். அவர் மேடையைச் சுற்றிப் பார்த்தார், டேப்பை நீட்டினார், மறுபடியும் நீட்டினார். பிறகு மண்டியிட்டு, கல்லுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார்.

"நான் வச்ச அளவு இது இல்லையே மேடம். இன்னும் கீழ இருக்கு."

"கல்லு இறங்குமா?"

"கல்லு எங்க இறங்கும்? தரை விட்டாதான் உண்டு. தரையிலயும் ஒரு கீறல் இல்ல." அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "தூக்கணும்னா மொத்தத்தையும் உடைக்கணும். சார் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

சாரைக் கேட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவன் சொன்னது கிச்சன்காரருக்கும் நன்றாகக் கேட்டது. குடி வந்து முழுசாக மூச்சு விடவில்லை, அதற்குள் இடிக்கிற பேச்சா, வேறு வேலையில்லையா, வருகிறவர் போகிறவர் முன்னால் மானத்தை வாங்குகிறாயா என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு போனை வைத்தான். கிச்சன்காரர் சங்கடத்தோடு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"பழகிடும் மேடம்."

"எனக்குப் பழகாது" என்றாள் அவள் வெடுக்கென்று.

"ஐயோ, உங்களைச் சொல்லல மேடம்." அவர் சிரித்தபடி கிரானைட்டைத் தட்டிக் காட்டினார். "இதைச் சொன்னேன். எந்த மேடையும் புதுசுல கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். நீங்க நிக்க நிக்க அதுக்கு உங்களைப் பழகிடும்."

விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் மேடையை விட்டு ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள். இத்தனை வருஷமாக எத்தனை பேர் அந்த வார்த்தையை அவளிடம் சொல்லியிருப்பார்கள். ஒரு தடவைகூட யாருக்குப் பழகும் என்று அவள் கேட்டதில்லை. கட்டி வைத்த நாயைக் காட்டிக்கூட அப்படித்தானே சொல்கிறார்கள், பயப்படாதீங்க, கிட்ட வந்து மோந்து பார்க்கும், அப்புறம் பழகிடும் என்று.

அதற்குப் பிறகு சமையலறையில் தனியாக நிற்கும்போது காதை அடைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி முடிந்து வந்து, விளக்கு போடுவதற்கும் போடாமல் இருப்பதற்கும் நடுவிலான அந்த மங்கல் நேரத்தில், சந்தின் குழாய்களில் யார் வீட்டுத் தண்ணீரோ களகளவென்று இறங்கி அடங்கியதும், அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் தெளிந்து வரும். ஈரத் துணியால் கல்லை இழுத்துத் துடைக்கிற சத்தம். ஒரு இழுப்பு, கொஞ்சம் நிதானம், மறுபடி ஒரு இழுப்பு, துணியை எங்கோ பிழிந்து உதறுவது, திரும்பவும் இழுப்பு. விளக்கைப் போட்டால் நின்றுவிடும். மேடை மட்டும் ஈரமாக இருக்கும். நாள் கணக்கில் தண்ணீரில் ஊறிக் கிடந்த கரித்துணியின் வாடை, ஜன்னலைத் திறந்தாலும் போகாமல், அவள் இடுப்பு உயரத்தில் மட்டும் நின்றுகொண்டிருக்கும். நிமிர்ந்தால் வாடை இல்லை. குனிந்தால் மூக்கில் அறையும்.

அவள் மாமனாரிடம் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, அத்தைக்கு எப்பலேர்ந்து கூன் விழுந்துச்சு?"

கிழவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அவளைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார்.

"கல்யாணத்தப்போ உன்ன விடக் கொஞ்சம் உசரமாவே இருப்பா."

அவளுக்கு நம்ப முடியவில்லை. அவள் பார்த்த மாமியார் கேள்விக்குறியாக வளைந்த சின்ன உருவம். யாரிடம் பேசினாலும் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண்ணால் மேலே பார்த்துப் பேசுகிறவள். உறங்கும்போதும் அப்படியே சுருண்டிருப்பாள்.

"அப்ப அந்த மேடை அத்தையோட அளவே இல்லையா?"

"பழைய வீடு கட்டினப்போ அவளும் உசரமாதான் கேட்டா. எங்க அம்மா, எதுக்குப் புதுசா, இருக்கற அளவே இருக்கட்டும்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"சரி, உங்க அம்மாவோட அளவா அது?"

"அவங்களும் நெட்டைதான்னு எங்க சித்தி சொல்லுவாங்க. நான் பாத்ததெல்லாம் குனிஞ்ச முதுகுதாம்மா."

"அப்ப அது யாரோட அளவு மாமா?"

அவர் விரல் ரேடியோவின் திருகாணியைத் தடவிக்கொண்டே இருந்தது.

"உங்க அத்தை உன்னை ஒரு நாள் உள்ள விட்டிருக்காளா?" என்றார் கடைசியில். "அடுப்பங்கரைப் பக்கம் வந்தாலே துரத்துவாளே. நீ கோவிச்சுக்கிட்டே. சாகறப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. ஆள் போயாச்சு, வீட்டையும் இடிக்கறாங்க, இதோட ஒழிஞ்சுதுன்னு நினைச்சேன். இவன் டேப்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பறான்."

"பாத்துக்கிட்டு சும்மா இருந்தீங்களா?"

"என்னத்த சொல்றது? யாரு நம்புவாங்க?"

அவள் அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி கண் முன்னால் அங்குலம் அங்குலமாக மடிந்துபோக, மூன்று வேளையும் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்த மனிதர். உசரமாகக் கேட்டாளாம், சரி என்றுவிட்டாராம். அவளுக்குப் பயத்தைவிட முதலில் வந்தது அருவருப்புதான். அவர் ரேடியோவின் சத்தத்தைப் பழையபடி கூட்டிக்கொண்டார்.

மாமியாரை நினைத்து அன்றைக்கு அவள் அழுதாள். அடுப்பங்கரை வாசலில் நின்று எட்டிப் பார்த்தால்கூட விரட்டிய கிழவி. என் அடுப்பு, என் பாத்திரம், உனக்கு இங்கே என்ன வேலை என்று சீறுவாள். பொறாமை பிடித்தவள் என்று ஆஸ்பத்திரியில் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மின்சாரம் போயிற்று.

அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பின் நீல வளையம் மட்டும் மிஞ்சியது. அந்த வெளிச்சம் பாத்திரத்தின் அடிவயிற்றைத் தாண்டி எங்கும் போகவில்லை. பால் பொங்கிவிடுமே என்று அவள் அங்கேயே நின்றாள். நகர்ந்திருக்கலாம். பால்தானே, போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கையில் கரண்டியோடு, குனிந்து, கிண்டியபடி நின்றாள். குழாய்களில் தண்ணீர் இறங்கியது. அடங்கியது.

துணிச் சத்தம் வரவில்லை.

அதுதான் முதலில் அவளைச் சில்லிட வைத்தது. பதிலாக மூச்சு கேட்டது. அவளுடைய மூச்சு இல்லை. இடது பக்கம், இடுப்புக்கும் கீழே. வேலை செய்து களைத்தவர்கள் வாயால் விடுகிற மூச்சு.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தின் பின்பக்கம் ஏதோ பட்டது. ஈரம். குளிர்ச்சி. தண்ணீரிலேயே கிடந்து சுருங்கிப்போன விரல்கள். ஒன்று, இன்னொன்று, பிறகு எல்லாம். சின்னக் கை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றும்போது அம்மாக்கள் பிடிக்கிற மாதிரி, கோபமே இல்லாமல், பதமாகப் பிடித்தது.

பிடித்து, தொங்கியது.

அதற்கு எட்டவில்லை. அதனால் தொங்கியது. மொத்த பாரமும் அவள் பிடரியில். தலை இறங்கியது. கழுத்து இறங்கியது. முதுகெலும்பு ஒவ்வொரு கட்டாக மடிவதை அவள் எண்ணிக்கொண்டே போனாள், அது அவள் தொழில். கிரானைட் முகத்துக்கு நேராக வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நீலம் அணைந்தது. கல்லின் குளிர் நெற்றியில் பட்டது. யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள், இப்போது காதுக்கு மிக அருகில். இப்போதுதான் எட்டுகிறது.

அவள் முழங்காலை மடக்கித் தரையில் விழுந்தாள். நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான், முதுகால் முடியாதபோது காலை விட்டுவிடு. பிடி நழுவியது. நாலு காலில் தவழ்ந்து ஹாலுக்கு வந்தாள். மெழுகுவத்தியோடு வந்த கணவன் அவளை மேலிருந்து கீழே பார்த்தான்.

"என்ன இது, பால் கருகற வாடை?"

அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு மெழுகுவத்திகள் எட்டிப் பார்த்தன. இனி அந்தப் படியைத் தாண்டமாட்டேன், மேடையை இடித்தால் உண்டு, இல்லாவிட்டால் சாப்பாடு கடையில்தான் என்றாள். பைத்தியம் என்றான். ஆமாம் என்றாள். அக்காவுக்கு போன் போட்டான். நாத்தனார் ஸ்பீக்கரில் அரைமணி நேரம் பேசினாள். அவள் ஹால் சுவரில் குதிகாலும் தோளும் பின்மண்டையும் ஒட்ட நின்றுகொண்டே இருந்தாள். பாப்பா சோபாவின் மூலையில் காலைக் கட்டிக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. நீயும் அங்கே போகக் கூடாது, புரிகிறதா என்று அவள் கேட்டதற்குத் தலையை ஆட்டியது.

பொட்டலச் சாப்பாடு வந்தது. கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. நாளுக்கு நாள் இடுப்பு வலி கழன்றது. பிடரியில் இருந்த மரமரப்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு முன்னால் நின்று நோயாளிக்குத் தோளைத் திருப்பிவிடும்போது, தன்னுடைய தோளையும் பார்த்துக்கொண்டாள். நேராக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒன்று வேண்டாம் என்று சொல்லி, அது நின்றிருக்கிறது. சமையலறைக் கதவு சாத்தியே இருந்தது. அங்கிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கடைச் சாப்பாடு அலுத்து மேடையை உடைக்க அவனே ஆளைக் கூப்பிடுவான் என்று நம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புது மேடைக்கு எந்த நிறக் கல் போடலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்திருந்தாள். வெள்ளை போடலாம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் சமைக்கிற வாசனை வந்தது.

வெங்காயம் பொன்னிறமாக வதங்குகிற வாசனை. கணவன் சாப்பாட்டு மேசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். வாரக்கணக்கில் பார்க்காத சிரிப்பு அவன் முகத்தில்.

"வா வா. என்னமா செஞ்சிருக்கா தெரியுமா நம்ம பாப்பா! நாலு நாளா ஸ்கூல் விட்டு வந்து பழகிக்கிட்டிருக்காளாம். தாத்தாவுக்கும் போட்டாளாம், அவரும் வாயே திறக்கல. கொஞ்சமாவது உனக்கு..."

மிச்சத்தை அவள் கேட்கவில்லை. பை எங்கே விழுந்தது என்று தெரியாது. கதவைத் தள்ளினாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டைல்ஸ் பளபளத்தது, கீழ்ப் பாதி மட்டும். மேடை இன்னும் இறங்கியிருந்தது. பாப்பா முதுகைக் காட்டி நின்று நறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைகூட மாற்றவில்லை. கத்தி ஓடிய வேகம் குழந்தையின் வேகம் இல்லை. முகம் பலகைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

"பாப்பா. கத்தியை வை. வெளிய வா."

"வராதம்மா." குரல் மட்டும் பாப்பாவுடையது. "நீ வராத. ஒருத்தர் நின்னா போதுமாம்."

அவள் பாய்ந்து போய் மகளின் தோளைப் பிடித்தாள். ஒரு கை தோளில், ஒரு கை முதுகில், ஆயிரம் பேருக்குச் செய்ததுதான். மெதுவாக. மூச்சை இழுத்துவிடு கண்ணு. நிமிரு. நிமிரு. சட்டைக்கு அடியில் முதுகெலும்பு அவள் உள்ளங்கையில் இடித்தது. கட்டு கட்டாக, இறுகி, வளைந்து. நாலு நாளில் வருகிற வளைவு இல்லை அது. ஒரு ஆயுசு முழுக்க நின்றால் வருவது. எந்த மருத்துவமும் திருப்ப முடியாதது என்று அவள் கை சொன்னது, அந்தக் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"வலிக்குதா தங்கம்?"

"இல்லம்மா." கத்தி நிற்கவில்லை. "நீ நேரா நில்லும்மா. நேரா நின்னாதான் நீ அழகா இருக்க."

ஹாலில் தட்டில் கரண்டி பட்டது. இன்னும் கொஞ்சம் கொண்டு வாம்மா என்று கணவன் குரல் கொடுத்தான்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். இரட்டைப் பின்னலுக்கு நடுவே, பிடரியின் மெல்லிய தோலில், ஐந்து குழிகள். பக்கத்தில் யாரும் இல்லை. அவளுடைய கைகள் மகளின் தோளிலும் முதுகிலும்தான் இருந்தன. குழிகள் வெளுத்து, அழுந்தி, இன்னும் ஆழமாக அழுந்தின. குழந்தையின் தலை இன்னும் கொஞ்சம் கீழே போனது.